இருவரும் திருப்பிவைத்த கடிகாரம்

இத்ரீஸ்,

உங்கள் வாப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிட்டது. ரபாத் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்.

ரமலானுக்காக அரசு சொன்னபடி நேற்று அடுக்களைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தேன். நீங்களும் வைத்திருக்கிறீர்கள்; அது இப்போது ஒரு மணி நேரம் பிந்தி ஓடுகிறது. ஒரு வாரமாகப் பேசாத நாம் இதை மட்டும் சொல்லிக்கொள்வோமா?

காது கேட்காத வாப்பாவுக்கு பாங்கு எங்கே கேட்கும்? ஜன்னலில்லாத அடுக்களையில் கடிகாரத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறார், பதினாறு மணி நேர வெயில் நோன்போடு. நானோ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் நோன்பு திறந்தேன்.

திரும்பி வந்து பதறிப்போய்ப் பேரீச்சம்பழத்தை நீட்டினால், கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்மா" என்றார். அப்படியே சரிந்தார்.

ஹரீரா கஞ்சி அடுப்பில் இருக்கிறது. சூடாக்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

கடிகாரத்தை நான் தொடவில்லை. நீங்கள் சரிசெய்தால் என்னிடம் சொல்லுங்கள்.

இல்ஹாம்