பஸ் ஏறி வந்து பார்த்த கலியாணம்

அத்தான்,

இன்று காலை வில்லரேயில் எங்கள் தெருப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனபோது ஒரு சுற்றுலா பஸ் என் முன்னால் நின்று கதவைத் திறந்தது. டீசல் மணம் மூக்கில் ஏறியதும் பன்னீர் மணமும் கூடவே வந்துவிட்டது. தெளிக்க அங்கே ஒருவருமில்லை. என் மூக்கு அப்படிப் பழகிவிட்டது, பழக்கினது நீங்கள்.

எண்பதுகளில் இந்தப் பிரெஞ்சு பேசும் குளிர் நகரத்தில் அகதியாய் வந்திறங்கி, மற்றச் சனமெல்லாம் உணவகங்களில் கோப்பை கழுவ, உங்களுக்கு மட்டும் ராச யோசனை. தேவாலயத்து நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வெள்ளைக்காரருக்கு மட்டக்களப்பைக் காட்டுவம் என்றீர்கள். சனிக்கிழமைகளில் பஸ் வரும். வாசலில் உங்கள் மகள் பன்னீர் தெளிப்பாள். உங்கள் மனைவி, என் அக்கா, நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவா. நல்ல காரியத்துக்கு ஊர்ப் பெண்கள் எழுப்பும் அந்தச் சத்தத்தில் பக்கத்துப் பகுதி செயின்ட்-மிஷேல் வரைக்கும் யன்னல் கண்ணாடி அதிரும். ஊரில் மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த என்னை, அரண்மனை மத்தளக்காரர் பரம்பரையின் கடைசி வாரிசு என்று அறிமுகப்படுத்தினீர்கள். அரண்மனையில் எத்தனை யானை என்று ஒரு கிழவி கேட்க, எண்ணி முடிக்குமுன் நாட்டை விட்டு ஓடவேண்டி வந்துவிட்டது என்றேன். நீங்கள் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தபோது யானைகளோடு ஒட்டகமும் சேர்ந்திருந்தது.

சோறு முடிந்ததும் பொய்க் கலியாணம். பஸ்சில் வந்த ஒரு சோடிக்குச் சேலையும் வேட்டியும் சுற்றி மணவறையில் இருத்துவோம். அக்கா குரவை போட, மண்டபம் எழும்பி நின்று கை தட்டும்.

சிரிப்பு அதோடு சரி. புதுசாய் ஏதும் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பேன் என்று பஸ் கம்பனிக்காரன் சொன்னான். அதே கோடையில் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. நீங்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டீர்கள். அக்காவுக்குச் சொல்லவில்லை, மகளுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்த பஸ்சின் சில்லு முழுவதையும் பல்லாலேயே கடித்து எறிந்திருப்பேன்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் கமராக்களோடு அவர்கள் படியிறங்கி வந்தார்கள். முன்வரிசையில் இருந்த எங்கள் சனத்தை எழுப்பிப் பின்னால் நிற்க வைத்தீர்கள். தாலி ஏறியது. அக்கா வாய் திறக்கவில்லை.

சத்தம் எங்கே என்று பஸ்சோடு வந்த வழிகாட்டி உங்களிடம் கேட்டான். நீங்கள் கண்ணாலேயே அக்காவைக் கெஞ்சினீர்கள். அவ தரையைப் பார்த்தா. அப்போது, பட்டு வேட்டியும் கோட்டுமாய் நின்ற நீங்களே வாயில் கையை வைத்துக் குரவை போட்டீர்கள். தை மாதப் பனியில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கும் கார் மாதிரி இருந்தது. அவர்கள் கை தட்டினார்கள். எங்கள் சனத்தில் ஒரு தலை நிமிரவில்லை.

பஸ் போனபின் மகள் மாலையைக் கழற்றி உங்கள் கையில் தந்தாள்.

"அப்பா, நாங்களும் டிக்கெட் எடுக்கோணுமா?"

"ஒரு நாள்தானே புள்ள" என்றீர்கள்.

கலியாணம் எத்தனை நாள் என்று நினைத்தீர்கள், அத்தான்?

அடுத்த கோடை அந்த பஸ் வேறு வாசலுக்குப் போய்விட்டது. மகள் நகரத்தின் மேற்கு ஓரம் ரொக்ஸ்பரோவில் குடியிருந்தாள். அந்த வாசல் உங்களுக்குத் திறக்கவில்லை. பேரனுக்கு முதல் சோறு தீத்தின அன்று அக்காவையும் என்னையும் மட்டும் கூப்பிட்டாள். கூப்பிடாத நீங்களும் எங்களோடு ரயிலேறி வந்து ஸ்டேஷன் மேடையில் கிடந்த மர வாங்கில் இருந்துகொண்டீர்கள். அக்கா அன்று மகளோடு தங்கிவிட, பின்னேரம் நான் தனியே திரும்பி வந்தபோதும் அதே வாங்கில்தான் இருந்தீர்கள்.

"அக்கா குரவை போட்டாவா?"

"போட்டா."

"எப்பிடி இருந்தது?"

எதையும் மலையாக்கிச் சொல்லும் எனக்கு அன்று ஒரு சொல் கூட்டவும் மனம் வரவில்லை, குறைக்கவும் வரவில்லை. "நல்லா இருந்தது அத்தான்" என்றேன். ரயில் வந்ததும் முகத்தைக் காட்டாமல் முன்னால் ஏறிவிட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாய்ப் பேசினார்கள். நான் பேசவில்லை. ரொக்ஸ்பரோ வீட்டில், சின்னவனின் வாயில் சோறு பட்டபோது அக்கா போட்ட குரவை இன்னும் என் காதில் அப்படியே கிடக்கிறது. அதில் பாதி உங்களுக்குச் சேரவேண்டியது. தர இப்போது வழியில்லை. நீங்கள் இருந்திருந்தாலும் தந்திருப்பேனோ, தெரியாது.