பாவ அறிக்கைக்கு மட்டும் வருகிறவர்

புரசைவாக்கம், சென்னை
7-2-1971

அன்புள்ள அக்காவுக்கு,

எபனேசர் எழுதுவது. நலம், நலத்துக்கும் ஒருபடி மேலே. கம்பெனியில் எங்களைத் தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, 'நான் நல்லவன். என்னிடம் குறையில்லை. என்னை நான் நேசிக்கிறேன்' என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். சிரிக்காதே. நாலு வருஷத்துக்குப் பிறகு மாத்திரை போடாமல் தூங்குகிறேன்.

ஒரு விஷயம், உனக்கு மட்டும். நாலு வருஷத்துக்கு முன் வண்டூரில் படகு கவிழ்ந்த அன்று, குழந்தை சந்திரமதியை அவள் அப்பா கோவிந்தராஜ் கையில் கொடுத்தேன், அவர்தான் நழுவவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேனே. கொடுக்கவில்லை அக்கா. படகைப் பிடித்துக்கொள்ள நான்தான் அவள் கையை விட்டேன். அவர் தண்ணீர் குடித்து மயங்கிப்போனதால் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. அதற்காக இப்போது என்னை நான் மன்னித்துவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

உன் மீன் குழம்புக்கு ஏங்கும்,
எபனேசர்


ஜங்லிகாட், போர்ட் பிளேர், அந்தமான்
2-3-1971

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

உன் கடிதம் போன கப்பலில் வந்தது. மூன்று நாள் நடத்திய பாடத்தையே மறுபடி மறுபடி நடத்தினேன். டீச்சருக்குக் காய்ச்சலா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள்.

உன்னை நீ மன்னித்துக்கொண்டாய். சரி. பெற்றவரைக் கேட்டாயா? பெத்த பிள்ளையைத் தண்ணியில விட்டவன் என்று ஊர் அவரைச் சொல்கிறது. அவரும் அதை நம்பிவிட்டார். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மூன்று வருஷமாக அவர் நம் கோயிலுக்கு வருகிறார். மதம் மாறவில்லை, நெற்றியில் விபூதி அப்படியே இருக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாம் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லும்போது அவரும் கூடவே சொல்வார். போதகர் பாவமன்னிப்பு கூற ஆரம்பிப்பதற்குள் எழுந்து போய்விடுவார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "மாஃபி, மன்னிப்பெல்லாம் எனக்கில்லீங்க டீச்சர்ஜி. நான் ஒத்துக்க மட்டுந்தான் வர்றேன்" என்றார்.

அவருக்கு ஒரு வரி எழுது. நானே போய்ச் சொல்லலாம். தம்பியாயிற்றே, வாய் வரவில்லை. அது என் பாவம்.

ஜெபத்தோடு,
அக்கா ஜெயமணி


சென்னை
28-3-1971

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாமல் படி. பாவி, பாவி என்று கேட்டே வளர்ந்தவன் நான். அப்பா பெல்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "முழங்கால் போடுலே, அறிக்கை பண்ணு" என்பார். செய்யாத தப்பையெல்லாம் சொல்லி அழுதிருக்கிறேன். பிறகு நீதான் வந்து தேற்றுவாய். இப்போது நீயே அந்த பெல்ட்டை எடுக்கிறாயே!

பழையதைக் கிளறாதே என்கிறார் பயிற்சியாளர். எழுதினால் குழந்தை திரும்பி வரப்போகிறதா? இனி இதைப் பற்றி எழுதினால் என்னிடமிருந்து பதில் வராது.

எபனேசர்


ஜங்லிகாட்
25-4-1971

பிரியமான தம்பிக்கு,

அப்பா உன்னை அடித்தது தப்புதான். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேனே தவிர, உள்ளே வந்து ஒருநாளும் தடுக்கவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால், செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு அழுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கோவிந்தராஜ் செய்வது அதைத்தான்.

அக்கா


சென்னை
6-6-1971

அக்கா,

இரண்டு தபால் கப்பலைத் தவறவிட்டேன். எழுதுவேன், கிழிப்பேன். இன்று காலை கண்ணாடி முன் நின்றேன். 'நான் நல்லவன்' என்பதற்கே வாய் வரவில்லை.

அவருக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது. நீதான் படித்துக் காட்ட வேண்டும். அவர் என்னைத் திட்டினால் அதையும் விடாமல் எழுது.

உன் தம்பி


ஜங்லிகாட்
5-7-1971

பிரியமான தம்பிக்கு,

படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல பிள்ளை. உங்க சாமி மத்தவங்க பாவத்தைச் சுமந்தாருன்னு சொல்வீங்கல்ல, தம்பியும் என் பாவத்தைத் தன் தலையில போட்டுக்கப் பாக்குது" என்றார்.

இல்லை, இதுதான் நிஜம் என்று சத்தியம் செய்தேன். வலது கையை விரித்துக் காட்டினார். "என் கைக்குத் தெரியும் டீச்சர்ஜி. புள்ள வழுக்கிப் போனது இன்னும் இதுல இருக்குது" என்றார். நாலு வருஷம் நம்பியதை ஒரு தாளால் எப்படி அழிப்பது? எனக்கு அழுகைதான் வந்தது.

நேற்று ஞாயிறு ஆராதனைக்கு வந்தார். பாவ அறிக்கை முடிந்தும் எழுந்து போகவில்லை. போதகர் பாவமன்னிப்பு கூறி முடிக்கும்வரை முழங்காலிலேயே இருந்தார். கடைசியில் நம்பிவிட்டார் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன்.

"எனக்கில்லீங்க" என்றார். "எனக்காகத் தம்பி பொய் எழுதிருச்சு. அந்தப் பாவம் தம்பியைச் சேரக்கூடாதுன்னு மாஃபி கேட்டேன்."

எபனேசர், அடுத்த கப்பலில் ஏறி வா. அவர் முன்னால் நின்று உன் வாயால் சொல். நம்புவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. நீ வந்தால் உன் பெட்டியைத் தூக்கக் கப்பல்துறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வழி பார்த்திருக்கும்,
அக்கா ஜெயமணி