மே/பா இல்லாத விலாசம்

அனுப்புநர்:
ந. அம்சவல்லி,
த/பெ நல்லக்கண்ணு (காலஞ்சென்றவர்),
காலனித் தெரு, கீழச்செம்பியக்குடி,
திருப்பனந்தாள் வழி, தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
காவிரிக்கரை கூட்டுறவு நெல் விற்பனைச் சங்கம்,
கும்பகோணம்.

பொருள்: எழுத்தர் பணி – 12.7.1973 நேர்முகத் தேர்வு – முடிவு இதுவரை வராமை – தெரிவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தேர்வில் கடைசியாக அழைக்கப்பட்டவள் நான். மூன்று வாரத்தில் தபாலில் தகவல் வரும் என்று தாங்கள் சொன்னீர்கள். இன்றோடு எழுபத்து நான்கு நாள் ஆகிறது.

2. என் விண்ணப்பத்தில் 'மே/பா பஞ்சநதம் பண்ணை' என்று இருந்தது. எங்கள் தெருவின் முப்பத்தெட்டு வீட்டுக்கும் அதுதான் விலாசம். தபால்காரர் வாய்க்கால் மதகோடு சைக்கிளைத் திருப்பி, எங்கள் கடிதங்களைப் பண்ணை வீட்டில் கொடுத்துவிடுவார். கூலித் தகராறுக்குப் பிறகு எங்களில் யாரும் அந்த வாசலுக்குப் போவதில்லை. ஆகவே தேர்வன்று தங்கள் மேசையில் பேனா வாங்கி அந்த 'மே/பா' வரியை அடித்தேன். யார் மேற்பார்வையிலும் நான் இல்லை என்றேன். தாங்கள் சிரித்தீர்கள். அது எந்தச் சிரிப்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

3. உத்தரவு திரும்பிப் போனதா, பண்ணை வீட்டில் கிடக்கிறதா, எழுதப்படவே இல்லையா என்று அறியேன். தபால்காரரைக் கேட்டால், காலனித் தபால் கட்டு மொத்தமும் பண்ணைக்குத்தான், நடுவழியில் பிரிக்க முடியாது என்கிறார்.

4. சம்பா நடவு தொடங்கிவிட்டது. அக்கரை நிலங்களுக்குத் தெருவே போகிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு நாகம்மாளிடம் நானே கேட்டதற்கு, "ஆபீசு வேலைக்குப் போற புள்ள, சேத்துல எறங்கலாமா?" என்றார். கேலியாக அல்ல, மரியாதையாகத்தான் சொன்னார். பகலில் தெருவில் நானும் கோழிகளும்தான். அம்மா தையில் இறந்துவிட்டதால் வீட்டிலும் பேச ஆளில்லை. மனுவில் எழுதத் தகாததாயின் இப்பத்தியைத் தள்ளிவிடவும்.

5. அந்த வரியை அடித்தது தப்போ என்று சில நாள் தோன்றுகிறது. இருந்தும் அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை.

6. இத்துடன் பதில் கார்டு ஒன்று இணைத்துள்ளேன். விலாசத்தை நானே எழுதி, 'நேரில் கொடுக்கவும்' என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். வேலை உண்டு அல்லது இல்லை என ஒரு வரி எழுதினால் போதும். 'மே/பா' மட்டும் சேர்க்க வேண்டாம். இல்லை என்ற கார்டானாலும், எங்கள் தெருவுக்குள் நேராக வரும் முதல் தபால் அதுவாகத்தான் இருக்கும். மதகடியில் நின்று தபால்காரரை நானே அழைத்து வருகிறேன்.

தங்கள் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
ந. அம்சவல்லி

இடம்: கீழச்செம்பியக்குடி
நாள்: 24.9.1973
இணைப்பு: பதில் கார்டு – 1