ஆசிடில் மறந்துபோன குழல்

அன்புள்ளவளுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் உன் தங்கை வீட்டுக்காரர்தான். மோட்டாரைச் சரி செய்தாராம், சின்னவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தாராம், அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாராம். படித்ததும் வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

அதே நினைப்பில் பட்டறைக்குப் போனேன். பெயிண்ட் உருண்டை சுடும் விளையாட்டுத் துப்பாக்கியின் எவர்சில்வர் குழல் ஒன்று வந்திருந்தது. பழைய கறுப்புப் பூச்சை ஆசிடில் கழற்றிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். சகலையோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே, ஆசிடில் போட்டதை வெளியே எடுக்க மறந்துவிட்டேன். எடுத்தபோது குழல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள்.

"யாரை நெனச்சுக்கிட்டு இருந்தே? பொண்டாட்டியையா?" என்றார் மேஸ்திரி.

"இல்லண்ணே, சகலையை."

பட்டறையே சிரித்தது.

சாப்பிடக்கூடப் போகாமல் தேய்த்துச் சமமாக்கி, பூச்சு பிடிக்கக் காற்றுக் குழாயால் மணல் அடித்து, மறுபடி கறுப்பு ஏற்றினேன். மேஸ்திரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பொட்டுக்கூட உரியவில்லை. "முன்னவிட நல்லா இருக்குடா" என்றார். இதை உன் தங்கை வீட்டுக்காரரிடம் அவசியம் சொல்.

இங்கே வருகிறவர்கள் யாராவது இருந்தால் நம் தலையணை உறை ஒன்று கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம். பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்றாயே, அதில் மட்டும் அவரைக் கை வைக்க விடாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்