குதிரை நடந்ததுதான் குற்றம்

திருவிடைமருதூர்
14.9.1979

செல்வ மகள் நீலாயதாட்சிக்கு அப்பாவின் ஆசிகள். நானும் உன் அம்மாவும் உடலளவில் நலம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் அவ்வாறே இருக்க வேண்டும். உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. பண்ணையார் குதிரைக்கு நான் சீன வைத்திய முறையில் ஊசி குத்தியதை மறுத்து எழுதிவிட்டு நிம்மதியாக ஓய்வு பெறுங்கள் என்று எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். இரண்டு முறை படித்துவிட்டு, இதை எழுதியது நம் மகள்தானா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "பயந்துபோய் எழுதியிருக்கா, விடுங்க" என்றாள். விடுவதாக இல்லை.

நடந்ததை முழுமையாகத் தெரிவிக்காதது என் தவறு. அரசு நிர்ணயித்த கூலியைக் கேட்டு ஆட்கள் குறுவை அறுவடைக்கு இறங்க மறுத்த வாரத்தில், பண்ணையாரின் வண்டிக் குதிரை பின்கால்களை இழுக்கத் தொடங்கியது. கூலி கேட்டவர்களுக்கு முன்னால் நின்ற இளையபெருமாள் இரும்புக் கம்பியால் அதன் இடுப்பில் அடித்துவிட்டதாகப் புகார் கொடுத்து, அவனைச் சிறையில் அடைக்கச் செய்த பிறகு, காயச் சான்றிதழுக்காக, அரசுக் கால்நடை மருத்துவன் என்ற முறையில் என்னை அழைத்தார். முதுகுத்தண்டு நெடுகிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன். வீக்கமில்லை, கன்றிய தடமில்லை, ஒரு மயிர்கூட உதிரவில்லை. இடுப்பருகே ஒரு மூட்டு மட்டும் இறுகி அசையாமல் இருந்தது. வண்டிச் சக்கரம் வாய்க்காலில் இறங்கியதை வண்டிக்காரனே வாய்தவறிச் சொன்னான், பிறகு மறுத்துவிட்டான். நீ அங்கே படிக்கும் ஊசி வைத்தியத்தைப் பற்றி அனுப்பிய படத்தைப் பார்த்து, நான் முன்பு கேலி செய்து எழுதிய அதே ஊசிகளை ஐந்து இடங்களில் குத்தி, நீ விளக்கியிருந்தபடி மூட்டைக் கையால் நெகிழ்த்தினேன். மூன்று நாள் செய்தேன், நான்காம் நாள் குதிரை நேராக நடந்தது. பண்ணையார் முகம் கறுத்துவிட்டது. "டாக்டரே, நான் சர்டிபிகேட்டுதானே கேட்டேன், யாரு உங்கள வைத்தியம் பாக்கச் சொன்னா?" என்றார்.

அடித்த காயம் இல்லை என்று அறிக்கை கொடுத்தேன். மறுநாள் ஒரு கரைவேட்டிக்காரர் வந்து, "ஒரு கையெழுத்துதானே சார், மாத்திப் போட்டுடுங்க, பென்ஷன நெனச்சுப் பாருங்க" என்று மிகுந்த பணிவோடு மிரட்டினார். பிறகு துறையிலிருந்து மெமோ வந்தது, அங்கீகாரமில்லாத சிகிச்சை செய்ததற்கு விளக்கம் கேட்டு. செய்யவில்லை என்று எழுதினால் மெமோ முடிந்துவிடும். ஆனால் சிகிச்சையில் பொய் சொன்ன மருத்துவரின் அறிக்கையை நீதிமன்றம் ஏன் நம்ப வேண்டும்? இளையபெருமாளின் மனைவி எல்லையம்மாள் வாசலில் நின்று, "நீங்க எழுதினத மாத்தாம இருந்தாப் போதுங்க ஐயா" என்றாள். ஊசி குத்தியது நான்தான், தேவைப்பட்டால் மீண்டும் குத்துவேன் என்று நேற்று பதில் அனுப்பிவிட்டேன்.

இப்போது நான் சொல்வதை மெய்ப்பிக்க முடியாதபடி குதிரையையே எங்கோ விற்றுவிட்டார்கள். கும்பகோணத்தில் ஜட்கா ஓட்டும் மீரா உசேன் இதைக் கேள்விப்பட்டு, "அதுக்கென்ன சார், எங்கிட்டயும் பின்கால இழுக்கற குதிர ஒண்ணு இருக்கு, அதுக்குப் பண்ணையார் பவிசுதான் கெடயாது. இருபத்தேழாந்தேதி கேசு அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல கட்டறேன், ஜட்ஜய்யா பாக்கக் குத்துங்க" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் வழக்குக்காக அந்த விலங்கு பதின்மூன்று நாள் வலியோடு நிற்க நான் சம்மதிக்கவில்லை. சிகிச்சையை நாளையே தொடங்குகிறேன். தஞ்சாவூரிலிருந்து என் நண்பர், மருத்துவர் செல்லதுரை வந்து முன்னும் பின்னும் சோதித்து எழுதித் தருவார். குணமாகாவிட்டால் அதையும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உடன் வேலை பார்க்கும் குதிரை மருத்துவர்கள் சிரிக்கிறார்கள், இந்த ஊசி வைத்தியப் படிப்பை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். பந்தயக் குதிரைகளுக்கு வலி தெரியாமல் மருந்தைக் கொடுத்து ஓடவைத்தே முடமாக்குகிறார்கள் என்று கசந்துதானே இந்த வழிக்குப் போனாய்? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நீ படி. நீதிமன்றத்தில் காட்ட, இதுவரை நீ தேறிய பாடங்களின் சான்றையும், பார்த்த குதிரைகளைப் பற்றிய குறிப்புகளையும் கையொப்பமிட்டு உடனே விமானத் தபாலில் பதிவு செய்து அனுப்பு. கையொப்பமிடத் தயக்கமிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது, நான் தனியாகவே கூண்டேறுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க. கடிதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும், மறவாதே.

உன் அப்பா,
உலகநாதன்