டயர் போக வெட்டிய ஸ்பீடு பிரேக்கர்

ஜூன் 16, திங்கள்

வெயில். ரேஷனுக்குப் போக வேண்டும். பாப்பாவின் யூனிஃபார்முக்கு இரண்டு பட்டன்.

பள்ளிக்கூட வாசலில் ஸ்பீடு பிரேக்கர் ஒருவழியாக வந்துவிட்டது. நானும் பக்கத்து வீட்டு செல்வியும் கோரிக்கை மனுவைத் தூக்கிக்கொண்டு இண்டூர், தர்மபுரி என்று அலைந்த அலைச்சல்! என் பாப்பாவும் அவள் மகன் கவினும் மூன்றாம் வகுப்பு. இருவருக்கும் அந்த ரோட்டைத் தாண்டாமல் வழியில்லை. இன்று லாரிகள்கூட அடங்கிப் போயின. வயிறு குளிர்ந்தது.

சாயங்காலம் இவர் மார்க்கெட்டிலிருந்து கடுகடுவென்று வந்தார். பிக்கப் வண்டியில் தக்காளி லோடு அடிப்பவர்.

"ரெண்டு பேரும் நல்ல வேலை பண்ணி வெச்சிருக்கீங்க. வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. அடிப்பெட்டி பூரா சாறாப் போச்சு."

"மெதுவா ஓட்டுனா என்னங்க?"

"மெதுவாப் போனா எவன் வாங்குவான்? நீ வந்து ஓட்டு."

ரசம் புளிப்பு என்று அதற்கும் ஒரு பாட்டு.

18, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை.

ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு பள்ளம். அளவெடுத்த மாதிரி, பிக்கப் டயருக்கு டயர். எங்கள் வீட்டுக் கடப்பாறை முனையில் தார்.

கேட்டேன். "நான் மட்டுமா வெட்டுனேன்? தக்காளி ஏத்தற எல்லாருந்தான். போய் வேலையப் பாரு."

எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள். வெட்கமாக இல்லை? செல்வியிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வூட்டுக்காரருந்தான் அக்கா போனாரு. டார்ச் புடிச்சாராம்."

பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

20, வெள்ளி

எழுத்து கோணல்.

பள்ளிக்கூடம் விடும் நேரம். ஒரு பைக், அந்தப் பள்ளத்தில் டயரை விட்டு, வேகம் குறையாமல் வந்து கவினைத் தூக்கி அடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு. தர்மபுரி ஜி.எச். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். பாப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். கை நழுவியதால் பிழைத்தாள்.

பைக் ஓட்டியவன் வெளியூர். அவன் மேல் முதல் அடி யார் அடி? இவர் அடி.

"பள்ளிக்கூடம் இருக்கறது கண்ணு தெரியலையாடா?"

அப்புறம் மறியல். இவரும் செல்வி வீட்டுக்காரரும் முன்வரிசை. ஸ்பீடு பிரேக்கரைச் சரிசெய் என்று கோஷம் வேறு. த்தூ! வெட்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் வாயிலாவது நாங்கள்தான் என்று வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவு சோறு போட்டு வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேச்சு கிடையாது.

23, திங்கள்

தூறல். துணி காயவில்லை.

பள்ளத்தைத் தார் ஊற்றி அடைத்துவிட்டார்கள். இவர் காலையிலேயே லோடு எடுத்துப் போயாயிற்று. ஜி.எச்.சுக்கு: பிரெட், ஃபிளாஸ்க், கவினுக்குப் போர்வை.

பாப்பாவை நானே கொண்டுபோய் விட்டேன். ரோட்டோரம் நிறுத்தி, வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடி வலது பார் என்று சொல்லிக்கொடுத்தேன்.

"எனக்குத் தெரியும்மா. வேகமா வண்டி வந்தா பசங்களே கத்துவாங்க."

"என்னன்னு கத்துவாங்க?"

"உங்கப்பா வண்டி வருது, ஓடிருன்னு."