ஒருத்தியா, ரெண்டு பேரா

ஜூலை 30, வியாழன்

காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட என் தாவணி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். கண்ணெல்லாம் மண். அறிவியல் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள், 71.

இது புவியியல் நோட்டின் பின்பக்கம். யாராவது திறந்தால் முதலில் பருத்தி விளையும் மாநிலங்கள்தான் தெரியும். பகலில் இதன் இடம் அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த பழைய லேபிள் கட்டுக்கு அடியில். அக்கா தூங்கியபின் ஜீரோ வாட்ஸ் பல்ப் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவள் புரண்டாலே பேனா நின்றுவிடுகிறது.

அப்பா சரி என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை புதியம்புத்தூர், பேச்சி வீடு. ஞாயிறு திரும்பணும். அக்கா கல்யாணத்துக்கு அம்மாவின் ஜாக்கெட்டுகளைப் பேச்சியின் அம்மாதான் தைக்கிறார். துணியும் அளவு ஜாக்கெட்டும் கொண்டுபோய்க் கொடுக்கணும். வீட்டில் சொன்ன காரணம் இது. பொய் இல்லை. ஆனால் முழுசாகவும் இல்லை.

பேச்சி ஏழாவது வரை என் பெஞ்சு, அடுத்த வீடு. பிறகு குடும்பத்தோடு புதியம்புத்தூர் போய்விட்டார்கள். அங்கே ரெடிமேட் தைக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. போன வாரம் அவளிடமிருந்து லெட்டர். உள்ளே ஒரே வரி: “அத்தை ஊர்க் கொடைக்கு தேன்சிட்டு வருது, நீ வந்தே ஆகணும்.”

தேன்சிட்டு மெல்லிசைக் குழு. நானும் பேச்சியும் அவர்களைப் பார்த்ததே இல்லை, கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே எந்தக் கோயிலில் கொடைத் திருவிழா என்றாலும் குழாய் ரேடியோச் சத்தம் வெறுங்காட்டைத் தாண்டி எங்கள் மொட்டைமாடி வரை வந்துவிடும். ஜோடிப் பாட்டில் ஆண் குரல், பெண் குரல். ஆனால் பாடகர் பேர் கலாவதி என்று ஒன்றுதான் சொல்வார்கள். ரெண்டும் ஒருத்தியே என்பேன் நான். இல்லவே இல்லை, ரெண்டு பேர் என்பாள் பேச்சி. அவள் ஊரைவிட்டுப் போகும்வரை மூன்று வருடச் சண்டை. தோற்றவள் ஜெயித்தவளுக்கு மேடையில் ஒரு பாட்டு கேட்டு வாங்கித் தரணும் என்று பந்தயம்.

சாப்பிடும்போது அப்பா நிமிராமலே சொன்னார்: “அங்கன பக்கத்துல கொடையாமே. கச்சேரிப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. போன வருசம் கச்சேரியில கல்லெறிஞ்சு ரெண்டு பேருக்கு மண்ட ஒடஞ்சிருக்கு.”

போக மாட்டேன் என்றேன்.

“பதினொண்ணாவது படிக்கணும்னு கேட்டேல்லா. ஒரு பொய் சொன்னேன்னு என் காதுல விழட்டும், பத்தோட சரி.”

அக்காவும் பத்தோடு நின்றவள்தான். அப்பா சொன்னால் செய்வார். அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 1, சனி

புதியம்புத்தூர். இப்போது எழுதுவது சட்டைக்குள் வைக்கிற அட்டையில், பேச்சி கொடுத்தாள். பிறகு நோட்டில் ஒட்டிக்கொள்ளணும்.

இங்கே எல்லாத் தெருவிலும் தையல் மிஷின் சத்தம்தான். பேச்சி வளர்ந்துவிட்டாள். ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, ஊசி இறங்கிய இடமாம். எனக்கு ஒரு சட்டை தைத்துத் தா என்றேன். சிரித்தாள். “எனக்கெங்கட்டி சட்டை தைக்கத் தெரியும். மூணு வருசமா காலர் மட்டுந்தான். கை வேற ஆளு, பட்டன் வேற ஆளு.”

சாயங்காலம் அவளுடைய அத்தையோடு கிளம்புகிறோம். ஒரு பாய், ஒரு போர்வை, வறுத்த கடலை, தண்ணீர்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதணும், பயத்தில் முன்னும் பின்னுமாக வருகிறது.

முதலில் நல்லது. மேடைக்கு நேர் எதிரே எட்டாவது வரிசையில் பாய் விரித்தோம். காற்றில் டியூப் லைட் கம்புகள் ஆடின. கரிசல் மண், உட்கார்ந்த இடமெல்லாம் பாவாடை கறுப்பு. திரை விலகியது. சிவப்புச் சேலை, மூக்குக் கண்ணாடி, நாற்பது வயசிருக்கும், நல்ல தாட்டியான அம்மா. எங்கள் கணக்கு டீச்சர் மாதிரி. அவருக்கு முன்னால் ரெண்டு மைக். ஜோடிப் பாட்டு ஆரம்பித்தது. இடது மைக்கில் திரும்பினால் சின்னப் பெண் குரல். வலது மைக்கில் திரும்பினால் கட்டையான ஆண் குரல். நடுவில் மூச்சு வாங்கக்கூட இல்லை. ஒருத்தி! ஒருத்திதான்!

பேச்சியின் தொடையில் கிள்ளினேன். அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். “ஏட்டி, மீசை மட்டுந்தாம்டி இல்ல” என்றாள். அத்தை எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். மூன்று வருடம் மாடியில் இருட்டைப் பார்த்துக் கேட்ட குரல் இதோ இருக்கிறது, பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடிக்கிறது. ஏனோ எனக்கு அழுகை வந்தது.

பேச்சி எழுந்து போனாள். ஒன்றுக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்பாளர் ஒரு சீட்டைப் பிரித்தார். “அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர், கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் முத்தையா அவர்களின் மகள், செல்வி சண்முகக்கனி.”

நாலு திசையிலும் குழாய் ரேடியோ. என் பேர். அப்பா பேர். ஆபீஸ். ஊர்.

என்ன பாட்டு பாடினார்கள் என்றே தெரியாது. பேச்சி சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள், பந்தயம் தீர்ந்தது என்றாள். ஏன் அப்பா பேரைப் போட்டாய் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவே இல்லை. “தகப்பனார் பேரு, ஊரு, தொழில் போடாத சீட்டெல்லாம் அடியில போயிரும்டி. அப்பொறம் விடிஞ்சாலும் படிக்க மாட்டாவ. அதான் எல்லாம் போட்டேன்.”

அப்போதுதான் மேடைக்குக் கீழே பார்த்தேன். ஒருவர் ரெண்டு டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்திருந்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. கச்சேரி முழுவதையும் பிடிக்கிறார்கள். விடிந்ததும் கேசட்டில் காப்பி எடுத்து விற்பார்களாம்.

கொடைக் கச்சேரிக் கேசட்டுகள் கடைசியில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கு. பெண்கள் பெட்டியில் குச்சி அடைக்கும்போது டேப் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டு நின்றால் கை நின்றுவிடும் என்று அப்பாவே வாங்கிப்போட்ட டேப். கேசட் கொண்டுவருவது அங்கே வேலை பார்க்கிற மாடத்தி அக்கா. மாடத்தி அக்காவின் அண்ணன் கொடை நடந்த ஊருக்குப் பக்கத்து ஊர்தான்.

பேச்சியிடம் ஒன்று சொல்லிவிட்டேன். எழுதவே கூசுகிறது. “ஒனக்கென்ன, ஒனக்குப் போறதுக்கு என்ன இருக்கு. எனக்குல்லா படிப்பு போகும்.”

அவள் பாயின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

காலையில் பஸ் ஏற்ற வந்தாள். ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலம் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் போகிற பிள்ளைகள் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் கிளம்பியபின் திரும்பிப் பார்த்தேன். புழுதிதான் தெரிந்தது.

அப்பா: கொடை எப்படி?
நான்: கொட்டுச் சத்தம் கேட்டுச்சுப்பா.
இப்போது ரெண்டு பொய்.

ஆகஸ்ட் 3, திங்கள்

ஒன்றும் நடக்கவில்லை. பள்ளியில் டீச்சர் பேரைக் கூப்பிட்டபோது தூக்கிப்போட்டது. வருகைப் பதிவுதான்.

வேண்டுதல்கள்: 1. அந்த டேப் ரிக்கார்டர் கெட்டுப்போயிருக்கணும். 2. மாடத்தி அக்காவுக்கு ஒரு வாரம் லீவு (காய்ச்சல் வேண்டாம், சும்மா லீவு). 3. பேச்சி.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வந்துவிட்டது.

பள்ளியிலிருந்து வரும்போது பின்வாசலில் அம்மாவும் மாடத்தி அக்காவும். செருப்பைக் கழற்றாமல் சுவரோரம் நின்றுவிட்டேன். அப்பா காலையிலேயே லேபிள் விஷயமாகச் சாத்தூர் போயிருந்தார். ஆபீஸில் கேசட் ஓடியிருக்கிறது. எல்லாப் பெண்களும் கேட்டிருக்கிறார்கள்.

மாடத்தி அக்கா சொன்னது: “அண்ணாச்சி இல்லாத நேரம்னால ஆச்சு. நம்ம ஆபீஸ் பேரச் சொன்னதும் எல்லாவளும் கையப் போட்டுட்டு நிமுந்துட்டாளுவ. நான் கேசட்ட உருவிட்டு வந்துட்டேன். பிள்ளைய வையாதீங்கக்கா.”

அம்மா கேசட்டை வாங்கி இடுப்பில் செருகினாள். உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். “கை கால் கழுவிட்டுக் காப்பி குடி.”

அவ்வளவுதான். ராத்திரி அப்பா வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அம்மா வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 5, புதன்

சத்தியமாகச் சாப்பிட முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்து, எனக்குக் கல்யாணமா உனக்குக் கல்யாணமா என்று கேட்டாள்.

கேசட்டைத் தேடினேன். அரிசி டிரம்மில் இல்லை. பீரோவில் இல்லை. சாமி அலமாரியில் இல்லை. வீட்டு டேப் ரிக்கார்டரும் அலமாரியில் இல்லை.

அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. நேற்று அரைத்த மாவு பானை நிறைய இருக்கிறது. இன்றைக்கும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கிரைண்டரைப் போட்டாள்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

கோயிலில் மாடத்தி அக்காவைப் பார்த்தேன். கேசட் திரும்ப ஆபீஸுக்கே வந்துவிட்டதாம், அம்மாதான் கொடுத்தனுப்பினாளாம். அப்பாவே கேட்டிருக்கிறார், புதுக் கேசட் வந்ததாமே, ஏன் பழசையே போடுகிறீர்கள் என்று.

பயப்படாதே என்று மாடத்தி அக்கா சிரித்துவிட்டுப் போனாள். எதற்குச் சிரித்தாள்? அம்மா ஏன் கொடுத்தாள்? அப்பா தானாகக் கேட்கட்டும் என்றா?

படிப்பு போனால் என்ன செய்வேன். காலர் மட்டும். அல்லது குச்சி மட்டும். பேச்சி மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறாள், ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவளிடம் போய் அப்படிச் சொன்னேனே.

ஆகஸ்ட் 8, சனி

ஒரே நாளில் எல்லாம்.

மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகச் சொன்னாள் அம்மா. வழக்கமாக அக்காதான் போவாள். கனி போகட்டும் என்றாள். தூக்குவாளியோடு போனேன்.

ஆபீஸில் தீக்குச்சி மருந்து வாடை. ஐம்பது பெண்கள், ஐம்பது முதுகு. டேப்பில் தேன்சிட்டு. அப்பா மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாத் தலையும் ஒருமுறை நிமிர்ந்து குனிந்தது. கைகள் நிற்கவில்லை.

ஜோடிப் பாட்டு முடிந்தது. கைதட்டல். அதிலே என் கையும் பேச்சியின் கையும் இருக்கின்றன. வாளியை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன்.

“அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்,”

கடகடகடவென்று ஒரு சத்தம். நடுவில் ஒரு கிறீச். மறுபடி கடகட. பிறகு நேராகப் பாட்டு.

எங்கள் வீட்டுக் கிரைண்டர். பெல்ட் தளர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச் வரும். அம்மா என் பேருக்கு மேல் அதைப் பதிந்திருக்கிறாள்.

மாடத்தி அக்கா பெரிதாக இருமினாள். இன்னும் நாலு பேர் இருமினார்கள். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “டேப் இழுத்துட்டு போல” என்றார்.

அவர் அந்தக் கிரைண்டர் வாங்கிய நாளிலிருந்து அதில் அரைத்த மாவில்தான் சாப்பிடுகிறார். சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

வரும் வழியில் தபாலாபீஸ் பூட்டியிருந்தது. பெட்டிக் கடையில் ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன். சாயங்காலம் எழுதி முடித்தேன். ‘அன்புள்ள பேச்சி, நான் சொன்னது தப்பு. என் பேரை மைக்கில் சொல்லவைத்த ஒரே ஆள் நீதான்.’ அதற்குமேல் வரவில்லை. அப்படியே ஒட்டிவிட்டேன்.

ராத்திரி அக்கா தூங்கியபின் அம்மா வந்து என் பக்கத்தில் படுத்தாள். இப்படி வந்து எவ்வளவோ நாளாச்சு. மாவு வாடை. நான் தூங்குவதுபோல் கிடந்தேன். இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

“ஏட்டி.”

“ம்.”

“இன்னொரு மட்டம் பொய் சொன்னேன்னா நானே அப்பாகிட்ட சொல்லிருவேன்.”

சரி என்றேன். வெளியே காற்று. பிறகு என் காதுக்குப் பக்கத்தில், இன்னும் மெதுவாக:

“பாடுதது ஒருத்தியா, ரெண்டு பேரா?”

நாங்கள் மாடியில் சண்டை போட்ட மூன்று வருடமும் அம்மா கீழே அடுப்படியில்தான் இருந்தாள். அதே சத்தம் அவளுக்கும் வந்திருக்கும்.

“ஒருத்திதாம்மா.”

“நெசமாவா? எப்படிப் பாடுதா?”

எழுந்து உட்கார்ந்து இருட்டில் காட்டினேன். இப்படித் திரும்பினால் பெண், இப்படித் திரும்பினால் ஆண். அம்மா சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். கட்டில் குலுங்கியது. இன்னொரு மட்டம் காட்டு என்றாள்.

காட்டினேன்.